கயோட்டிக்கு என்ன ரைஃபிள் வாங்கலாம்? 900 டாலருக்குள் ஒரு விரிவான பதில்

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸின் ஹில் கன்ட்ரி என்ற மேட்டுப் பகுதியில் 40 ஏக்கர் நிலமும் முப்பது ஆடுகளும் வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த ஈற்றுப் பருவத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன, கயோட்டி (நரி போன்ற அமெரிக்கக் காட்டு மிருகம்) என்று சந்தேகம். இதுவரை துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. எல்லாம் சேர்த்து 900 டாலர்தான் செலவழிக்க முடியும். ஒரு கடைக்காரர் .22-250 தோட்டா போடும் ரைஃபிளை வாங்கு என்கிறார், இன்னொருவர் சுடச் சுட அடுத்த தோட்டா தானாக ஏறும் ஏஆர்-15 என்கிறார், வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் சாதாரண .22 போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

சுருக்கமாகச் சொன்னால், .223 ரெமிங்டன் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டைத் திறந்து மூடும் வகை) ஒன்றை 400 முதல் 450 டாலருக்குள் வாங்குங்கள். மீதியைத் துப்பாக்கியில் போடாதீர்கள். நல்ல ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள், பயிற்சிக்குத் தோட்டா, இந்த மூன்றிலும் போடுங்கள். இன்றைக்கு 420 டாலர் ரைஃபிளே பெரும்பாலும் அதைச் சுடுகிறவரைவிட நன்றாகச் சுடும். குறி தப்புவது வேறு இடங்களில்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. குட்டியைக் கொன்றது கயோட்டிதானா என்று பார்த்தீர்களா? அடுத்த முறை இப்படி நடந்தால் உடலை உடனே புதைத்துவிடாதீர்கள். கழுத்துத் தோலைக் கத்தியால் கீறி உள்பக்கம் பாருங்கள். கயோட்டி பெரும்பாலும் தாடைக்குச் சற்றுப் பின்னால், தொண்டையைக் கவ்வித்தான் கொல்லும். பல் பதிந்த ஓட்டைகளும், தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருப்பதும் தெரியும். ரத்தம் கட்டியிருந்தால் கடிபட்டபோது குட்டி உயிரோடு இருந்தது என்று அர்த்தம். கடித்த அடையாளம் இருந்தும் ரத்தக்கட்டு இல்லையென்றால், ஏற்கெனவே செத்த குட்டியை யாரோ வந்து தின்றிருக்கிறார்கள். அப்போது நீங்கள் தேட வேண்டியது நோயை, கயோட்டியை அல்ல. பின்னந்தொடையும் காதும் விலாவும் கண்டபடி கிழிந்து, இரண்டு மூன்று ஆடுகள் காயத்தோடு நின்று, தின்றது மட்டும் கொஞ்சமாக இருந்தால் அது ஊர் நாய்களின் வேலை. அதற்குத் துப்பாக்கி பதில் இல்லை, நாயின் சொந்தக்காரரிடம் பேசுவதுதான் பதில்.

சரி, கயோட்டிதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

சட்ட விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் கயோட்டிக்கு வேட்டைப் பருவம் என்று தனியாக இல்லை, ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. ஆட்டைத் தாக்குகிற, தாக்க வருகிற, அண்மையில் தாக்கிய கயோட்டியைச் சுட வேட்டை உரிமம் தேவையில்லை. மற்றபடிக்கு உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டையாட ஹன்டர் எஜுகேஷன் பாடத்தை முடித்திருக்க வேண்டும். நீங்கள் துப்பாக்கிக்குப் புதியவர் என்பதால், கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் படியுங்கள், பாதுகாப்புப் பாடம் அதில்தான் இருக்கிறது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், பின்னணிச் சோதனை நடக்கும். கிரீன் கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. விதிவிலக்கு இல்லாதவர் நண்பரின் துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டாலும் குற்றம்தான். உங்கள் விசா நிலையை நீங்கள் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் அந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் அழியும் நிலையில் இருக்கும் சிவப்பு ஓநாய்கள் வாழ்கின்றன. கயோட்டி என்று நினைத்து அவற்றைச் சுட்டிருக்கிறார்கள்.

இனி தோட்டா. ரைஃபிளைவிட முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

கயோட்டி பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும், எல்லாம் ரோமம். டெக்சஸில் வளர்ந்த ஒன்று 25 முதல் 35 பவுண்டு இருக்கும், அதாவது 11 முதல் 16 கிலோ. நம் ஊர் நாட்டு நாயின் எடைதான். ரோமத்தை விலக்கிப் பார்த்தால் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சின்னக் காபி சாஸர் அளவுக்குத்தான் வரும், ஏறக்குறைய நாலு அங்குலம். உங்கள் துப்பாக்கியும் தோட்டாவும் நீங்களும் சேர்ந்து அந்தச் சாஸரைத் தப்பாமல் அடிக்க வேண்டும். இந்த ஒரு அளவை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

பக்கத்து நிலத்துக்காரர் சொல்லும் சாதாரண .22 எல்.ஆர். தோட்டா அணிலுக்கும் முயலுக்கும் ஆனது. அதில் கயோட்டி சாகாது என்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது கஜத்துக்கு மேல் பெரும்பாலும் காயத்தோடு ஓடிப்போய், எங்காவது புதரில் இரண்டு நாள் துடித்துச் சாகும். ஆட்டைக் கொன்ற மிருகம்தான், இருந்தாலும் அப்படி ஒரு சாவை அதற்குக் கொடுக்கக் கூடாது. .17 எச்.எம்.ஆர். தோட்டாவும் எனக்குச் சரிப்படாது. அதன் 17 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு வினாடிக்கு 2,550 அடி வேகத்தில் புறப்பட்டாலும், தோள் எலும்பில் பட்டால் உள்ளே போவதற்குள் உடைந்துவிடும்.

.22-250 அருமையான தோட்டா, அதில் சந்தேகமே இல்லை. 55 கிரெய்ன் குண்டு வினாடிக்குச் சுமார் 3,680 அடி வேகத்தில் போகும். .223-இல் அதே குண்டு 3,240 அடி. திறந்த சமவெளியில் 350 கஜத்துக்கு அப்பால் சுடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது. உங்களுடையது ஹில் கன்ட்ரி. ஜூனிப்பர் மரமும் ஓக் மரமும் மேடும் பள்ளமுமாக இருக்கிற 40 ஏக்கரில் 200 கஜம் தடையில்லாமல் பார்க்கக் கிடைத்தாலே அதிகம். குரல் எழுப்பி அழைத்து வரவைக்கும் கயோட்டியை நான் பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் சுட்டிருக்கிறேன். அந்தத் தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றல்ல. .22-250 தோட்டா ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் .223 பயிற்சித் தோட்டா இரண்டு, சில சமயம் மூன்றுகூட வாங்கலாம். புதிதாகக் கற்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதோடு, ஊர் பெட்டிக்கடை மாதிரி இருக்கிற தீவனக் கடையில்கூட .223 கிடைத்துவிடும்.

.204 ரூகரும் நல்லது, 2004-இல் வந்தது, அம்பு மாதிரி நேராகப் போகும். ஆனால் தோட்டா எங்கும் கிடைக்காது. .243 வின்செஸ்டரைப் பற்றி மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள். குளிர்காலத்தில் மான் வேட்டைக்கும் போகும் எண்ணம் இருந்தால் அது நல்ல முடிவு. காற்றில் குறைவாகவே விலகும், மானுக்குத் தாராளமாகப் போதும். தோளில் உதை கொஞ்சம் கூடுதல், தோட்டா விலையும் கூடுதல். மானைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் .223-லேயே நிற்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. .223 ரெமிங்டனும் ராணுவத்தின் 5.56 நேட்டோ தோட்டாவும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். ஆனால் 5.56-இன் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். குழலில் ".223" என்று மட்டும் பொறித்திருந்தால் .223 மட்டும் போடுங்கள். "5.56" என்று பொறித்திருந்தால் இரண்டும் போடலாம்.

இப்போது ரைஃபிள். உங்கள் காசுக்கு நான் முதலில் சொல்வது சாவேஜ் ஆக்சிஸ் 2. வெறும் ஆக்சிஸ் அல்ல, 2 என்று இருப்பது. இரண்டுக்கும் நடுவில் உள்ள முக்கியமான வித்தியாசம் டிரிக்கர். முதல் ஆக்சிஸில் டிரிக்கர் கனமாக இழுக்கும். இழுத்து இழுத்துக் கடைசியில் எப்போது வெடிக்கும் என்று கை இறுகிவிடும், குழல் நகர்ந்துவிடும். ஆக்சிஸ் 2-இல் சாவேஜின் அக்யூ டிரிக்கர் வருகிறது. நமக்கு வேண்டிய அளவுக்கு அதை லேசாக்கிக்கொள்ளலாம். நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும், விரல் அதில் சரியாகப் படாமல் டிரிக்கர் விடுபடாது. முப்பது நாற்பது டாலர் வித்தியாசத்துக்காக இதை விட்டுவிடாதீர்கள். சாவேஜ் குழலை ஒரு நட்டு போட்டு இறுக்கிப் பொருத்துகிறது. அதனால் தோட்டா உட்காரும் இடைவெளியைக் குறைந்த செலவிலேயே துல்லியமாக அமைக்க முடிகிறது. மலிவான துப்பாக்கி இவ்வளவு நன்றாகச் சுடுவதற்கு இது ஒரு காரணம். தோளில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டை மலிவாகத்தான் தெரியும், தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். அதைப் பார்த்து மனம் மாறாதீர்கள்.

இரண்டாவது ரூகர் அமெரிக்கன். கொஞ்சம் விலை கூடும். பிரிடேட்டர் என்ற வகையில் .223-க்கு 22 அங்குலக் குழல், சற்றுத் தடிப்பாக இருக்கும். ரான்ச் என்ற வகையில் 16 அங்குலக் குழல், ஏஆர்-15 மேகசினே (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் கூடு) பொருந்தும், 5.56-உம் போடலாம். வண்டியில் ஏறி இறங்கி, முள்ளுக்குள் நுழைந்து அலைகிற ஆளுக்குக் குட்டையான ரான்ச் எவ்வளவு வசதி என்பது ஒரு வாரம் வைத்திருந்தால் தெரியும். குழல் குட்டையானதால் வேகம் கொஞ்சம் குறையும், வெடிச்சத்தம் காதைக் கிழிக்கும். 200 கஜத்துக்குள் வேகம் குறைவது ஒரு பொருட்டே இல்லை. பழைய தலைமுறைத் துப்பாக்கி தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

மாஸ்பெர்க் பேட்ரியாட்டும் பரவாயில்லை. ஹோவா மினி எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் செய்கிறார்கள், .223 அளவுக்கு என்றே சிறிதாக வடித்த போல்ட், கையில் பூ மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். டிக்கா டி3எக்ஸ் இன்னும் தாண்டும். பின்னால் ஒருநாள் பார்க்கலாம்.

ஏஆர்-15 வாங்கச் சொன்ன கடைக்காரர் தவறாகச் சொல்லவில்லை. இரண்டு மூன்று கயோட்டி சேர்ந்து வந்தால் அடுத்தடுத்துச் சுட முடியும், அது உண்மையான வசதி. ஆனாலும் முதல் துப்பாக்கியாக அதை நான் சொல்ல மாட்டேன். முதல் குண்டு தப்பினால் மேகசினில் இன்னும் இருபத்தொன்பது இருக்கிறது என்ற நினைப்பு, கற்றுக்கொள்ளும் காலத்தில் கெடுதல். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டைத் திறந்து மூட வேண்டியிருந்தால் முதல் குண்டிலேயே கவனம் வந்துவிடும். போல்ட் திறந்திருக்கிறதா, உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதும் பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதையும் யோசியுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக. அடகுக் கடைகளில் நல்ல ரைஃபிள்கள் முடங்கிக் கிடக்கின்றன. போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமாக வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். உள்ளே வரி வரியாகச் சுற்றிப்போகும் கோடுகள் கூராக, கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு அரித்திருக்கிறது. குழலின் நுனி வட்டம் அடிபடாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரெமிங்டன் 700 கிடைத்தால், 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்மார்க் புரோ டிரிக்கரோடு செய்தவற்றை அந்த நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது என்பதை நினைவில் வையுங்கள். தொடாமலே வெடிக்கும் அபாயம் அதற்குக் காரணம். டிரிக்கர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று வரிசை எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

குழலுக்குள் சுற்றிப்போகும் அந்தக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1:9 என்றால் குண்டு ஒன்பது அங்குலம் நகரும்போது ஒரு சுற்றுச் சுற்றும். ஆக்சிஸ் .223 பல இந்த அளவில் வந்திருக்கின்றன, ரூகர் 1:8-இல் வருகிறது. கயோட்டிக்கு நாம் போடுகிற 50, 55 கிரெய்ன் குண்டுகளுக்கு இரண்டும் சரி. சில பழைய .223-கள் 1:12, அவற்றில் 55-க்கு மேல் கனமான குண்டுகளைப் போட்டால் தடுமாறும்.

இனி ஸ்கோப்புக்கு வருகிறேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள் அல்லவா, ரைஃபிள் விஷயத்தில் அந்தச் சுமைகூலியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் நான் வாங்கியது ஸ்கோப்போடு சேர்த்து ஒரே பெட்டியில் விற்ற ரைஃபிள். கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். பலகையில் குறி பார்த்தபோது ஓரளவு சரியாகத்தான் சுட்டது. மூன்று வாரம் வண்டியின் பின்சீட்டில் குலுங்கியபடி வந்தது. ஒரு ஜனவரி காலையில், வெள்ளை மண் பாதையின் நடுவே, எழுபது கஜத்தில் ஒரு கயோட்டி பக்கவாட்டில் நின்று என்னைப் பார்த்தது. சுட்டேன். அதன் வயிற்றுக்குக் கீழே மண் தெறித்தது. திரும்பி ஓடும்போது இன்னொன்று சுட்டேன், அது எங்கே போனது என்றே தெரியவில்லை. கை நடுங்கிவிட்டது என்று என்னையே நொந்துகொண்டு வீட்டுக்கு வந்து, துடைக்க எடுத்தபோதுதான் ஸ்கோப்பைப் பிடித்த கையில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. மயிரிழை அளவுதான். ஸ்கோப் வளையங்கள் உட்காரும் அடித்தகட்டின் இரண்டு திருகுகளை விரலாலேயே சுற்ற முடிந்தது. அந்தக் குண்டு வயிற்றில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அதனால் பெட்டியோடு வரும் ஸ்கோப்பை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட பெட்டிதான் மலிவாகக் கிடைக்கிறது என்றால் வாங்கிக்கொண்டு, ஸ்கோப்பை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திருகுகளை எல்லாம் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அடித்தகட்டின் திருகுகளில் மட்டும் நீலநிறத் திருகுப் பசை ஒரு துளி விட்டு, திரும்ப நீங்களே இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது ஸ்கோப்போடு வரும் தாளில் இருக்கும். அந்த அளவோடு நின்றுவிடும் டார்க் டிரைவர் ஒன்றை யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கிவிடும்.

எந்த ஸ்கோப்? 3-9×40. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். வோர்ட்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 உங்கள் விலைக்குள் வரும். லியூபோல்ட் வி.எக்ஸ். ஃப்ரீடம் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் நல்லது, விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் அதன் கண்ணாடி உதவும். 24 மடங்கு, 25 மடங்கு என்று சொல்லி விற்கும் மலிவு ஸ்கோப்புகள் பக்கம் போகாதீர்கள். கயோட்டி நாற்பது கஜத்தில் ஓடி வரும்போது அவற்றில் ரோமம் மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கத்து ரோமம் என்று தெரியாது. எப்போதும் மூன்று மடங்கில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தூரத்தில் நின்றால் கூட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். பக்கத்தில் வந்துவிட்டால் குறைக்க நேரம் கிடைக்காது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறும். நான் இந்த மாதிரி வைத்துக்கொள்வேன்: ரைஃபிள் 420, ஸ்கோப் 175, அடித்தகடும் வளையமும் 35, தோட்டா 115, காதுமூடி 25, முட்டுக்கொடுக்கும் குச்சிகள் 35. மொத்தம் 805. டெக்சஸில் விற்பனை வரி 8.25 சதவீதம் வரை போகும், அதையும் சேர்த்தால் 870 பக்கம் வரும். துப்பாக்கி வாங்கும் அன்றே ஒரு பூட்டும் வாங்குங்கள். சில துப்பாக்கிகளோடு கேபிள் பூட்டு இலவசமாகவே வரும். இரும்பு அலமாரி வாங்கும் வரைக்கும் அதைப் போட்டு வையுங்கள், தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

தோட்டாவில் இரண்டு வகை வாங்க வேண்டும். பயிற்சிக்கு மலிவான முழு உலோக உறைக் குண்டு, எஃப்.எம்.ஜே. என்பார்கள். அதை வேட்டைக்குப் போடவே கூடாது. ஊசி மாதிரி உள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும், கயோட்டி ஓடிவிடும். கல்லில் பட்டால் தெறித்து எங்கேயோ போகும், ஹில் கன்ட்ரியில் கல்லுக்குப் பஞ்சமா? வேட்டைக்கு, முனையில் பிளாஸ்டிக் வைத்த குண்டு: ஹார்னடி வி-மேக்ஸ் 55 கிரெய்ன், அல்லது அதே வகையில் வேறு எதுவானாலும். உள்ளே போனதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும், மிருகம் நின்ற இடத்திலேயே விழும். தோலை விற்க நினைப்பவர்கள் தோலில் ஓட்டை பெரிதாகிவிடுமே என்று யோசிப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

குறி அமைப்பதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். முதலில் 25 கஜத்தில் ஒரு பெரிய அட்டையை வையுங்கள். துப்பாக்கியின் முன்பகுதி மணல் பையில் உட்கார வேண்டும், குழல் எதிலும் படக்கூடாது. ஒரு குண்டு சுடுங்கள். நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஸ்கோப் திருகில் ஒரு கிளிக் என்பது 100 கஜத்தில் கால் அங்குலம். 25 கஜத்தில் அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆகவே இங்கே ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். இது தெரியாமல் நாலு கிளிக் திருப்பிவிட்டு, ஸ்கோப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 25-இல் நடுவுக்கு வந்ததும் 100 கஜத்துக்குப் போங்கள். அங்கே மூன்று மூன்று குண்டாகச் சுடுங்கள், ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழல் ஆறட்டும். மெல்லிய குழல், டெக்சஸ் வெயில், நாலைந்து குண்டிலேயே தொட முடியாமல் கொதிக்கும், கொதித்தால் குண்டுகள் மெல்ல நகரத் தொடங்கும். மூன்று ஓட்டைகளின் நடு, குறிப்புள்ளிக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும்படி திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. கடைசி மூன்று குண்டுகளை வேட்டைத் தோட்டாவிலேயே சுட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், பயிற்சித் தோட்டா வேறு இடத்தில் படும்.

இப்படி வைத்தால் 55 கிரெய்ன் குண்டு 200 கஜத்தில் குறியிலேயே படும், 300-இல் சுமார் 7 அங்குலம் இறங்கும். அதாவது 200 கஜம் வரைக்கும் நெஞ்சின் நடுவே வைத்துச் சுட்டால் போதும், மேலே கீழே என்று எந்தக் கணக்கும் வேண்டாம். கணக்கு வேண்டியது காற்றுக்குத்தான். மணிக்கு பத்து மைல் பக்கக்காற்று 200 கஜத்தில் குண்டை நாலு அங்குலம் போலத் தள்ளிவிடும். சாஸரின் அகலமே அவ்வளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுடும் மேசையில் வைத்தே சுட்டுக்கொண்டிருக்காதீர்கள். குறி அமைந்த பிறகு மீதித் தோட்டாவைத் தரையில் உட்கார்ந்து, முட்டுக்குச்சியில் வைத்துச் சுடுங்கள். நாலு அங்குலத் தாள் வட்டத்தை 100 கஜத்தில் ஒட்டிவிட்டு, பத்துக்குப் பத்தும் உள்ளே விழும் வரைக்கும் உயிருள்ள எதையும் நோக்கிச் சுட வேண்டாம். பத்தில் ஏழுதான் விழுகிறது என்றால் 70 கஜத்துக்கு மேல் சுட மாட்டேன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

40 ஏக்கர் என்பது கேட்கத்தான் பெரிது. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 440 கஜம். .223 குண்டு இரண்டு மைலுக்கு மேலும் போகக்கூடியது. வேட்டையின்போது உங்கள் குண்டு வேலியைத் தாண்டிப் போவது டெக்சஸ் சட்டப்படியே குற்றம், அந்தப் பக்கத்துக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதி இருந்தால் தவிர. அதைவிட, அங்கே ஒரு வீடு இருக்கும், ஒரு பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். மேட்டில் உட்கார்ந்து பள்ளத்தை நோக்கிச் சுடும்படி இடம் பாருங்கள், குண்டு மண்ணில் போய் நிற்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்துக்கு எதிரே நிற்கும் கயோட்டியைச் சுடவே கூடாது. பட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வீடுகள் என்றால், நான் இதுவரை சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு 12 கேஜ் ஷாட்கன் ஒன்றை வாங்குங்கள். நாற்பது கஜத்துக்குள் பக்‌ஷாட் நன்றாக வேலை செய்யும், அதன் ரவைகள் அவ்வளவு தூரம் போகாது.

சுடுவதற்கு முன்னால் அது கயோட்டிதானா என்று பாருங்கள். ஓடும்போது கயோட்டியின் வால் கீழே தொங்கியிருக்கும், நாய் பெரும்பாலும் வாலைத் தூக்கியபடி ஓடும். காது கூராக நிமிர்ந்திருக்கும், மூஞ்சி குறுகலாக இருக்கும். சந்தேகம் இருந்தால் விரல் டிரிக்கருக்குப் போகவே கூடாது.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ரைஃபிள் வந்ததும் கயோட்டித் தொல்லை தீர்ந்துவிடாது. ஒரு ஜோடி ஓர் எல்லையைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும். சில ஜோடிகள் எலியும் முயலும் தின்றுகொண்டு ஆட்டை ஏறெடுத்தும் பார்க்காது. அப்படிப்பட்டதைச் சுட்டுவிட்டு ஆடு தின்னிக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. அதனால் பார்த்ததை எல்லாம் சுடாமல், பட்டிக்கு வருவதைச் சுடுங்கள். ஈற்றுப் பருவத்தில் சினை ஆடுகளை இரவில் வீட்டுக்குப் பக்கத்தில் அடையுங்கள். அடுத்த ஆண்டு காசு சேர்ந்தால் இரண்டாவது துப்பாக்கி வாங்காமல் கிரேட் பிரனீஸ் அல்லது அனடோலியன் காவல் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி ஆட்டோடு சேர்த்து வளருங்கள். என் பட்டியில் இரண்டு பிரனீஸ் இருக்கின்றன. அவை வளர்ந்த பிறகு ரைஃபிளை எடுக்கிற இரவுகள் எவ்வளவோ குறைந்துவிட்டன.

இப்போதைக்கு எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. உங்கள் நிலத்தில் வீடும் பட்டியும் எந்தப் பக்கம் இருக்கின்றன, விடியற்காலையில் காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருகிறது? கயோட்டி எப்போதும் சுற்றிக்கொண்டு, மோப்பம் பிடிக்க வசதியாகக் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகத்தான் வரும். இந்த இரண்டையும் எழுதினால், முதல் நாள் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.